மண் சாலையைச் சமப்படுத்திய பலகை

மேட்டூர் அணையைப் பார்க்கச் செல்லும் மாணவர்கள் அதன் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். நீளம் சுமார் 1,700 மீட்டர். உயரம் 214 அடி. நீர் தேங்கும் முழு மட்டம் 120 அடி. வேலை தொடங்கியது 1925. அணை திறக்கப்பட்டது 1934. ஆனால் அணைக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றி யாரேனும் ஒரு வரி எழுதிக்கொள்கிறார்களா?

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூருக்குச் செல்லும் சாலை இன்று தார்ச் சாலை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமவெளியின் வழிகளில் பெரும்பாலானவை மண் வழிகளே. சில முக்கியமான சாலைகளில் மட்டும் ஜல்லி பரப்பிக் கெட்டித்திருந்தார்கள். அவற்றைக் 'கப்பி ரோடு' என்பார்கள். மற்றவை செம்மண்ணும் சரளையும் கலந்த வண்டிப்பாதைகள். கோடையில் புழுதி, மழையில் சேறு.

அப்படிப்பட்ட மண் சாலையை மேடுபள்ளம் இல்லாமல் எப்படி வைத்துக்கொண்டார்கள்? இயந்திரம் இல்லாத காலத்தில் சாலையைச் சமன் செய்ய உலகம் கண்டுபிடித்த கருவிகள் யாவை? நம் நாட்டில் அவை ஏன் பரவவில்லை? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால் மண்ணியலும் பௌதிகமும் மட்டுமல்ல, நம் முன்னோர் பட்ட பசியின் வரலாறும் கூடவே வந்து நிற்கிறது.

சாலையின் பகைவன் யார்?

சாலையைக் கெடுப்பது வண்டி என்றுதான் நாம் எண்ணுகிறோம். இது பாதி உண்மை. காய்ந்து இறுகிய மண், வண்டியின் பாரத்தை நன்றாகவே தாங்கும். அதே மண்ணில் நீர் ஊறிவிட்டால் அது தன் வலுவை இழக்கிறது. மண் துகள்களுக்கு இடையே நீர் புகுந்து அவை ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. ஆகவே சாலையின் முதல் பகைவன் தண்ணீர். வண்டி அதற்குத் துணை நிற்கும் இரண்டாம் பகைவன்.

இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர். கெட்டித் தரையில் அது 5 சென்டிமீட்டர் நீளத்திற்குத் தரையைத் தொடுகிறது என்று கொண்டால், தொடும் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 20 கிலோ எடையைத் தாங்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு காலையும் ஊன்றி நின்றால், பாதங்களின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோதான். சக்கரத்தின் அழுத்தம் இதைப் போல் 100 மடங்கு! ஈர மண்ணில் அந்தச் சக்கரம் கத்தியைப் போல் இறங்குவதில் வியப்பு என்ன?

இறங்கிய இடத்தில் வண்டித்தடம் விழுகிறது. அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகி நீரைத் தேக்கிக்கொள்கிறது. தேங்கிய நீர் கீழே ஊறி மண்ணை மேலும் இளக்குகிறது. அடுத்த வண்டி இன்னும் ஆழமாக இறங்குகிறது. நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது போன்ற சுழற்சி இது. முதல் மழையில் ஓர் அங்குலமாக இருந்த தடம், ஐப்பசி அடைமழை முடியும்போது அச்சாணி வரை இறங்கும் பள்ளமாகிவிடும்.

இதைத் தடுக்கும் வழி, விழுந்த நீரை விழுந்த உடனே சாலையைவிட்டு வெளியேற்றுவதுதான். அதற்காகவே சாலையின் நடுப்பகுதியை ஆமை முதுகு போல் சற்று உயர்த்தி, இருபுறமும் சரியச் செய்கிறார்கள். மண் சாலைக்கு 25க்கு 1 என்ற அளவில் சரிவு வேண்டும். 5 மீட்டர் அகலமுள்ள சாலையில் நடுவிலிருந்து ஓரம் வரை 2.5 மீட்டர். எனவே நடுப்பகுதி ஓரத்தைவிட 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். சாலையின் இருபுறமும் நீர் ஓட வாய்க்கால் வேண்டும். இவ்வளவே மண் சாலை விஞ்ஞானத்தின் சாரம்.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மக்காடம் 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றார். அடித்தரை உலர்ந்திருந்தால் அதுவே எவ்வளவு பாரத்தையும் தாங்கும். மேலே பரப்பும் ஜல்லி, நீர் உள்ளே இறங்காமல் காக்கும் கூரை போன்றது என்பது அவருடைய கொள்கை. ஜல்லி ஒவ்வொன்றும் 6 அவுன்சுக்கு, அதாவது 170 கிராமுக்கு, மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்தார். நம் ஊர்க் கப்பி ரோடுகள் அவருடைய முறையின் வழிவந்தவையே.

குதிரை இழுத்த கருவிகள்

ஜல்லி போட எல்லா நாட்டிலும் பணம் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் நிலம் பரந்து கிடந்தது, ஆட்கள் குறைவு, கூலி அதிகம். லட்சக்கணக்கான மைல் மண் சாலைகளைக் கையால் திருத்துவது அங்கே நடவாத காரியம். ஆகவே குதிரையும் கோவேறு கழுதையும் இழுக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே தோன்றின.

முதலில் மண் அள்ளும் கருவியைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் போர்டியஸ் 1883இல் ஒரு புதிய இழுவைத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முன் விளிம்பில் கூரிய தகடு. பின்னால் வளைந்த தொட்டி. அதற்கும் பின்னால் நீண்ட கைப்பிடி. கைப்பிடியை உயர்த்தினால் தகடு மண்ணைச் சீவி உள்ளே நிரப்பும். தாழ்த்தினால் தொட்டி மண்ணைச் சுமந்துகொண்டு தரையில் வழுக்கிச் செல்லும். ஒரே ஆள் பின்னால் நடந்துகொண்டே வெட்டவும், சுமக்கவும், கொட்டிப் பரப்பவும் முடிந்தது. பனாமாக் கால்வாய் வேலையிலும் இக்கருவி பயன்பட்டது.

அடுத்து வந்தது சாலைச் சீவி. நான்கு சக்கர வண்டியின் அடியில் சாய்வாகப் பொருத்திய நீண்ட இரும்பு அலகு, முன்னால் குதிரைகள். அலகு சாய்வாக இருப்பதால் ஓரத்து மண் அதன் வழியே உருண்டு சாலையின் நடுவுக்கு வந்து சேரும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அலகு மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளும்போது மண் அலகை மறுபக்கமாகத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி! வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் போயிற்று. 1885இல் ஜே. டி. ஆடம்ஸ் என்பவர் சக்கரங்களையே சாய்த்துவிடும் அமைப்பைக் கண்டுபிடித்தார். கயிறு இழுக்கும் போட்டியில் நாம் உடலைச் சாய்த்துக் காலை ஊன்றுகிறோம் அல்லவா? அதே உத்திதான். இன்று நம் நெடுஞ்சாலைகளில் வேலை செய்யும் பெரிய சமன் இயந்திரங்களின் முன் சக்கரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மூலம் இதுவே.

இரண்டு மரத்துண்டுகளின் கதை

இவை எல்லாவற்றையும்விட எளியது மூன்றாவது கருவி. மிசௌரி மாநிலத்தில் மெய்ட்லண்ட் என்ற ஊரில் டி. வார்ட் கிங் என்ற விவசாயி இருந்தார். தம் பண்ணையின் முன்னால் இருந்த சேற்றுச் சாலையை 1896இல் அவர் மரச் சட்டம் ஒன்றால் இழுத்துச் சீர்செய்யத் தொடங்கினார். பின்னர் அதன் வடிவம் நிலைபெற்றது. ஒரு மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் இரண்டரை அடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் இணைக்க வேண்டும். தட்டையான முகம் முன்னோக்கி இருக்க வேண்டும். மேலே ஒரு பலகை. அதன் மீது ஓட்டுபவர் நிற்பார். சங்கிலியை ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டினால் சட்டம் சாய்வாக இழுபடும். ஓரத்து மண் நடுவுக்கு நகரும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

கிங்கின் பெருமை சட்டத்தில் இல்லை, அதை இழுக்கும் நேரத்தில் இருக்கிறது. சாலை காய்ந்த பிறகு திருத்துவதுதான் அதுவரை வழக்கம். அவர் மழை பெய்து ஓய்ந்ததும், மண் ஈரமாக ஆனால் ஒட்டாமல் இருக்கும் பதத்தில், சட்டத்தை இழுத்தார். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் இழுத்தார். அக்கம்பக்கத்துச் சாலைகள் சேறாய்க் கிடந்தபோது அவர் வீட்டுச் சாலை மட்டும் கெட்டியாக நின்றது. 1908இல் அமெரிக்க வேளாண் துறை அவரையே எழுதச் செய்து, விவசாயிகளுக்காக ஒரு சிறு வெளியீட்டை வெளியிட்டது.

ஈர மண்ணில் இழுத்தால் ஏன் கெட்டியாகிறது? களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. தட்டுப் போன்ற வடிவம் உடையவை. ஈரப்பதத்தில் ஒரு பலகை அவற்றை அழுத்தித் தேய்க்கும்போது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடுகின்றன. அந்த மெல்லிய படலம் வெயிலில் காய்ந்ததும் ஓடு போல் ஆகிறது. அடுத்த மழை அதன் மேல் வழிந்து ஓடுமே தவிர, எளிதில் உள்ளே இறங்காது. மறுபடியும் இழுத்தால் இன்னொரு படலம். இப்படிச் சிறுகச் சிறுக நடுமேடு வளர்கிறது. அதன் மேல் செல்லும் வண்டிகளே அதை இறுக்கியும் கொடுக்கின்றன. பகைவனாகிய நீரை வேலைக்காரனாக்கிக்கொண்ட தந்திரம் இது.

நம் வயலில் இருந்த விடை

இதைப் படிக்கும்போது உங்களில் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். நெல் வயலில் சேற்றுழவு முடிந்ததும், ஏர் மாட்டில் நீண்ட பலகையைப் பூட்டி வயலைச் சமன் செய்வார்கள். பலகையின் மீது பாரத்திற்காக ஆள் ஏறி நிற்பதும் உண்டு. அதுதான் பரம்பு. பரம்படித்தால் மேட்டு மண் பள்ளத்திற்குப் போகும். வயல் முழுவதும் நீர் ஒரே மட்டமாக நிற்கும். சேற்றுழவிலும் பரம்படிப்பிலும் களிமண் துகள்கள் குழைந்து படிவதால் நீர் கீழே இறங்குவதும் குறையும்.

மிசௌரி விவசாயி 1896இல் சாலையில் கண்ட உண்மையும் நம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வயலில் கையாண்ட உண்மையும் ஒன்றே. வயலில் நீரை நிறுத்துவதற்காகப் பலகை இழுத்தோம். சாலையில் நீரை ஓட்டுவதற்காக அவர் பலகை இழுத்தார். பலகை இருந்தது, மாடு இருந்தது, மண்ணின் பதம் அறிந்த ஆளும் இருந்தார். ஆயினும் நம் நாட்டுச் சாலை வேலையில் மண்வெட்டியும் கூடையுமே ஆட்சி செய்தன. சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் ஆங்கிலத்தில் 'மம்மட்டி' என்ற நம் சொல்லே நுழைந்து நிலைபெற்றது என்றால், அக்கருவியின் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

குதிரை இல்லாததால் கருவி வரவில்லையா?

குதிரை இல்லாமல் போனதுதான் காரணம் என்று சிலர் எண்ணலாம். தமிழகத்தில் குதிரை எப்போதும் அரிய பிராணியே. சங்க காலம் முதலே அது கடல் கடந்து வந்த பொருள். நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அது செழித்துப் பெருகவில்லை. கொள்ளும் புல்லும் கொடுத்துப் பேண வேண்டும். ஊர்ப் புறத்தில் அதற்கு வேலை பெரும்பாலும் சவாரியும் ஜட்காவும்தான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவில் கூடும் சந்தைக்குக் குதிரைகள் இன்றும் வருகின்றன. வாங்குகிறவர்கள் ஏரில் பூட்டுவதற்காக வாங்குவதில்லை.

ஆனால் இழுப்பதற்கு வேறு பிராணி நம்மிடம் தாராளமாக இருந்தது. மேட்டூரைச் சுற்றியுள்ள பகுதி உழைப்பு மாடுகளுக்குப் பேர்போனது. வடக்கே காவிரிக் கரைக் காடுகளை ஒட்டி ஆலம்பாடி இனம். மேற்கே மலைகளில் பர்கூர் இனம். தெற்கே கொங்குச் சமவெளியில் காங்கேயம் இனம். மைசூர் மன்னர்களின் அமிர்த மகால் காளைகள் பீரங்கிகளையே மலைப்பாதைகளில் இழுத்தவை.

காளையின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் உழைப்புப் பிராணி தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையுடன் நீண்ட நேரம் இழுக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ காளை 40 கிலோ விசையுடன், விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால், அதன் திறன் 32 கிலோ மீட்டர். 75 கிலோ மீட்டர் சேர்ந்தால் ஒரு குதிரைத் திறன். ஆகவே ஒரு ஜோடிக் காளை சேர்ந்தால் ஒரு குதிரைத் திறனுக்குச் சற்றுக் குறைவு. பலகையை இழுக்க இது தாராளம். மெதுவாகவும் ஒரே சீராகவும் நடப்பது காளையின் இயல்பு; பலகை வேலைக்கு அதுவே பொருத்தம்.

மேலும் ஒரு கணக்கு. ஒரு கிலோமீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் ஒரு சென்டிமீட்டர் கனத்திற்கு மண் பரப்ப 50 கன மீட்டர் மண் வேண்டும். எடை ஏறத்தாழ 80,000 கிலோ. கூடைக்கு 16 கிலோ வீதம் 5,000 கூடைகள்! இதில் பாதி மண்ணை மட்டும் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தாலும் 2,500 கூடைகள். இதே சாலையில் ஒரு ஜோடி மாடு பலகையுடன் இரண்டு முறை போய் வந்தால் நடை 4 கிலோமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடும். ஒரு தடவையில் அத்தனை மண்ணும் நகராவிட்டாலும், மழைதோறும் இழுத்தால் நகர்ந்துவிடும்.

அப்படியானால் பலகை ஏன் சாலைக்கு வரவில்லை? விடை கூலியில் இருக்கிறது.

கூடையின் விலை

1792இல் பாரமகாலும் சேலமும், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு நாடும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. இன்றைய மேட்டூருக்கு அருகில் உள்ள காவேரிபுரம், மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் கணவாயின் அடிவாரத்தில் இருந்தது. 1800இல் மைசூர்ப் பகுதிகளை ஆராய்ந்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் அவ்வழியாகத்தான் இறங்கிப் பவானி நோக்கிச் சென்றார். இத்தகைய வழிகளில் சரக்குகள் பொதிமாடுகளின் முதுகில் சென்றன. சக்கரத்திற்கு ஏற்ற சாலைகள் பெருகியது அதன் பின்னரே.

1866இல் சென்னை மாகாணத்தில் சாலைகளுக்காகத் தனி வரி விதிக்கும் சட்டம் வந்தது. 1871இலும் 1884இலும் வந்த சட்டங்கள் உள்ளூர்ச் சாலைகளை உள்ளாட்சி நிதியிலும் போர்டுகளின் பொறுப்பிலும் ஒப்படைத்தன. இச்சட்டங்களுக்கு நடுவே வந்து சேர்ந்தது, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பாட்டிகள் பேசிவந்த 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் சுமார் 16 லட்சம். பத்தே ஆண்டுகளில் மூன்றரை லட்சத்திற்கு மேல் குறைந்துவிட்டது.

பசித்தவர்களுக்கு அரசு கொடுத்த வழி, நிவாரண வேலை. ஜல்லி உடைப்பதும், மண் வெட்டிச் சாலைக்குக் கொட்டுவதும் அவ்வேலைகளில் முக்கியமானவை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி என்ன தெரியுமா? ஆண் ஒருவருக்கு நாள் முழுவதும் உழைத்தால் ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பவுண்டு என்பது 450 கிராம். கடின உழைப்பாளிக்கு இது போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் அளவு சற்று உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஒரு பவுண்டு தானியத்திற்கு ஒருவர் நாள் முழுவதும் மண் சுமக்கத் தயாராக இருக்கும் நாட்டில், மண் சுமக்கும் கருவியைப் பற்றி யார் சிந்திப்பார்கள்? நிவாரண வேலையின் நோக்கமே நிறையப் பேருக்கு வேலை காட்டுவது. கருவி வந்தால் அந்த நோக்கம் கெடும். பஞ்சம் நீங்கிய ஆண்டுகளிலும் கூலி மலிவாகவே இருந்தது. அமெரிக்காவில் ஆள் கிடைக்காமை கருவியைப் பிறப்பித்தது. நம் நாட்டில் மலிந்த உழைப்பு கருவியின் தேவையை மறைத்துவிட்டது. கருவிகளின் வரலாற்றை எழுதும்போது மூளையின் கூர்மையை மட்டும் அளப்பது போதாது. அந்நாட்டின் கூலியையும் அளக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுச் சாலை போடுவதற்குக் கிடைத்த பணமும் கவனமும், போட்ட சாலையைக் காப்பதற்குக் கிடைக்கவில்லை. பலகை காக்கும் கருவி. மழை ஓய்ந்த மறுநாளே சாலைக்கு வர ஊரில் ஒருவர் பொறுப்பாக இருந்தால்தான் அது பயன் தரும். தொலைவில் உள்ள அலுவலகம் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு போட்டு அனுப்பும் முறையில் அதற்கு இடமில்லை.

உருளையும் அணையும்

கருவியே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கப்பி ரோடுகளில் ஜல்லியைக் கெட்டிக்கக் கல் உருளைகளையும் இரும்பு உருளைகளையும் பயன்படுத்தினார்கள். ஜோடி ஜோடியாகக் காளைகளோ, வரிசையாக ஆட்களோ அவற்றை இழுத்தார்கள். சாலையோரத்தில் பயனற்றுக் கிடக்கும் பழைய கல் உருளைகளை இன்றும் சில ஊர்களில் காணலாம். மெல்லிய சக்கரம் மண்ணை வெட்டுகிறது. அகன்ற உருளை அதே மண்ணை இறுக்குகிறது. அழுத்தத்தின் பரப்பு மாறினால் விளைவு எப்படித் தலைகீழாகிறது பாருங்கள்!

நீராவி உருளையின் வரலாற்றில் இந்தியாவுக்கு முக்கியமான இடம் உண்டு. கல்கத்தா நகராட்சியின் பொறியாளர் வில்லியம் கிளார்க், பர்மிங்காமைச் சேர்ந்த பாத்தோ என்பவருடன் சேர்ந்து 1863இல் கல்கத்தாவுக்காக ஒரு நீராவி உருளையை வடிவமைத்தார். இங்கிலாந்தில் ஏவ்லிங் நிறுவனத்தின் புகழ்பெற்ற உருளைகள் வந்ததற்கு முன்பே இது நடந்தது. பின்னர் 'ரோடு இன்ஜின்' என்று மக்கள் அழைத்த அந்த இயந்திரம், புகைவிட்டுக்கொண்டு நம் மாவட்டச் சாலைகளிலும் ஊர்ந்தது.

மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த 1931இல், அமெரிக்காவில் கேட்டர்பில்லர் நிறுவனம் தானே இயங்கும் சாலைச் சமன் இயந்திரத்தை வெளியிட்டது. குதிரைகள் இழுத்த சாய்ந்த அலகு அத்துடன் என்ஜினுக்கு மாறிற்று. 1934 ஆகஸ்டு 21இல் சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி மேட்டூர் அணையைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் நாட்டின் சாலைப் பொறியாளர்கள் கலந்து பேசுவதற்கான இந்திய சாலைகள் காங்கிரஸ் தோன்றியது. 1943இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள், கிராமச் சாலைகளையும் சேர்த்து நாடு முழுவதற்கும் இருபதாண்டுச் சாலைத் திட்டம் ஒன்றை வகுத்தனர்.

நீர்த்தேக்கம் நிரம்பியபோது சுமார் 150 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்கடியில் சென்றது. அங்கிருந்த ஊர்களோடு ஊருக்கு ஊர் சென்ற வண்டிப்பாதைகளும் மூழ்கின. வறண்ட ஆண்டுகளில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கத்தில் பழைய நந்திச் சிலையும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்க்க மக்கள் திரளுகிறார்கள். கல் கட்டடம் நீரில் நின்று காட்டுகிறது. மண் பாதை கரைந்து வண்டலோடு வண்டலாகிவிட்டது. அதைப் போட்டவர்களின் பெயர்களும் அப்படியே.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு தட்டுகளில் ஒரே அளவு செம்மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிது களிமண்ணும் கலந்துகொள்ளுங்கள். இரண்டையும் நடுவில் உயர்த்தி ஆமை முதுகு போல் அமையுங்கள். இரண்டின் மீதும் பூவாளியால் ஒரே அளவு நீர் தெளியுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றதை, மண் கையில் ஒட்டாத பதம் வந்ததும், ஓர் அடிக்கோலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக அழுத்தித் தேயுங்கள். இரண்டையும் வெயிலில் காயவையுங்கள். மூன்று நாள் இதையே திரும்பச் செய்யுங்கள். நான்காம் நாள் இரண்டின் மீதும் நீர் ஊற்றி, எதில் நீர் வழிகிறது, எதில் ஊறுகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி இரண்டின் மீதும் உருட்டி, எதில் தடம் ஆழமாக விழுகிறது என்றும் அளந்து எழுதுங்கள்.

இன்று காளைக்குப் பதில் டிராக்டர் வந்துவிட்டது. அதன் பின்னால் பூட்டிய இரும்பு அலகு, அரை மணியில் ஒரு பாதையைச் சமன் செய்துவிடுகிறது. ஆயினும் தோட்டங்களுக்குச் செல்லும் வண்டிப்பாதைகளும் வாய்க்கால் கரைப் பாதைகளும் நம் மாவட்டங்களில் இன்னும் மண்ணாகவே இருக்கின்றன. நெல்லும் மரவள்ளியும் கரும்பும் சந்தைக்குப் புறப்படும் முதல் கிலோமீட்டர் அந்த மண்தான். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும் முதல் கிலோமீட்டரும் அதுவே. காய்ந்து வழவழப்பான மண் சாலையில் 20 கிலோ பாரத்தை இழுக்க ஏறத்தாழ ஒரு கிலோ விசை போதும். சேற்றில் 5 கிலோ பாரத்திற்கே ஒரு கிலோ விசை வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பலகை இழுத்தாரா இல்லையா என்பதுதான் இந்த நான்கு மடங்கு வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

அடுத்த மழை ஓய்ந்ததும் உங்கள் ஊர்ப் பாதைக்குச் சென்று பாருங்கள். நீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓட வழியில்லாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியால் ஓரத்தில் ஒரு சிறு வாய் வெட்டிவிட்டாலே பல இடங்களில் நீர் வடிந்துவிடும். மண் பதத்திற்கு வந்த பிறகு பலகையைப் பூட்டலாம்.